கடலூர், புதுச்சேரி கரையில் ட்ரோன் பறக்கவிடுமுன் வானிலையும் வெளிச்சமும் கணிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பேட்டரிக்கு இருபது, மிஞ்சிப்போனால் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குக் காற்று, மழை, வெளிச்சம் மூன்றும் ஒத்துழைக்குமா? ட்ரோன்காரருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். ஆனால் போனில் இருக்கும் வானிலை ஆப் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நாள் முழுக்க ஒரு மேகப் படத்தையும் மழை வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒரு எண்ணையும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதை நம்பி நல்ல காலை நேரத்தை வீணாக்கியவர்களும் உண்டு, சாயங்காலம் மெஷினைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் உண்டு.

இந்தக் கரையில் குறுகிய நேரக் கணிப்புக்கு முதல் சாவி எந்தத் திசையைப் பார்ப்பது என்பதுதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தொல்லை மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கிலிருந்து, கடலிலிருந்து வரும். கீழே சொல்வதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அதற்கு முன் சட்ட விஷயம் ஒன்று, சுருக்கமாக. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி இல்லாமலே பறக்கவிடக்கூடிய பகுதியில், 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் உயரம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் அது 200 அடியாகக் குறையும். 8 கி.மீ.க்கு உள்ளே பச்சையே கிடையாது. புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது, பீச் ரோடு அங்கிருந்து நேர்க்கோட்டில் ஐந்து கி.மீ.கூட வராது. ஆகவே வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே மெஷினை எடுக்காதீர்கள். சரி, இனி வானிலை.

சீசனை முதலில் பிடியுங்கள்

சித்திரை, வைகாசியில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கடல்காற்று உள்ளே நுழையும். அதற்கு முன் காற்று லேசாக நிலத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் கொஞ்ச நேரம் அசைவே இருக்காது, பிறகு தென்கிழக்கிலிருந்து ஈரமான காற்று வந்து பிற்பகல் முழுக்க வலுத்துக்கொண்டே போகும். இந்த மாதங்களில் விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை பொன்னான நேரம்.

ஜூன், ஜூலையில் கதை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வறண்ட மேற்குக் காற்றாக நம் பக்கம் வீசும். கடலுக்குப் போகிறவர்கள் கச்சான் என்பது இதைத்தான். கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும், சில நாள் வராமலே போகும். வந்தால் இரண்டும் மோதும் கோட்டில் மேகம் செங்குத்தாக எழும்பும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பிற்பகலில் முளைத்த இடிமேகம் நகர்ந்து வந்து, கரையோரம் இந்தக் கோட்டில் புதுத் தெம்பு பெற்று, சாயங்காலமோ இரவோ கொட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் நம் ஊரில் பெய்யும் மழை பெரும்பாலும் இந்த வகைதான்.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் தலைகீழ். வாடை, கொண்டல் என்று வடக்கும் கிழக்கும் கலந்த காற்று, மழை கடலிலிருந்து வரிசை வரிசையாக வரும். அதிலும் கரையோரத்தில் இரவு பின்பகுதியிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் பெய்யும். கோடையில் பழகிய "காலையில் எடுத்துடலாம்" என்ற கணக்கை நவம்பரிலும் போட்டால் நனைவீர்கள். மழைக்காலத்தில் புயல், தாழ்வு மண்டலம் எதுவும் இல்லாத நாட்களில் காலை பத்து முதல் மூன்று மணி வரை, இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிதான் நமக்கு.

தையும் மாசியும் ட்ரோன்காரர்களுக்கு வரப்பிரசாதம். வானம் தெளிவு, காற்று மிதம். பனியும் மூடுபனியும்தான் ஒரே தொந்தரவு, அதுவும் தென்பெண்ணை, கெடிலம் கரைகளிலும் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் வயல்வெளிகளிலும் கடற்கரையைவிட அடர்த்தி. போகிப் பண்டிகைக் காலையில் புகையும் சேர்ந்துகொள்ளும், அன்று எட்டு மணிக்கு முன் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பங்குனியில் பிற்பகல் சோழகம் என்ற தென்காற்று வலுக்க ஆரம்பிக்கும், அதிலிருந்து மறுபடி கோடைக் கணக்கு.

முதல் நாள் இரவு: காற்றின் எண்கள்

உங்கள் மெஷின் தாங்கும் காற்று எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். டி.ஜே.ஐ. மினி 3-க்கு வினாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 38 கி.மீ. மேவிக் 3-க்கு வினாடிக்கு 12 மீட்டர், சுமார் 43 கி.மீ. அந்த எண் வரை ஜாலியாகப் பறக்கலாம் என்று அர்த்தமில்லை, அதற்கு மேல் தன் இடத்தில் நிற்கவே முடியாமல் திணறும் என்று அர்த்தம். அதில் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் எல்லையாக வையுங்கள். மினிக்கு மணிக்கு 25 கி.மீ. புதிதாகக் கற்றுக்கொள்பவர் என்றால் பாதி போதும்.

இந்த எல்லையை எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆப் காட்டும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. 120 மீட்டரில் அது சாதாரணமாக 1.4 மடங்கு ஆகும், கீழே 20 என்றால் மேலே 28. ஜூன், ஜூலை விடியற்காலையில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். இரவில் தரை குளிர்ந்து காற்று தட்டுத் தட்டாகப் படிந்திருக்கும்போது கீழே தென்னை ஓலைகூட அசையாது, மேலே நூறு மீட்டரில் கச்சான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் விண்டி போன்ற ஆப்பில் உயரத்தை 100 மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். அப்புறம் சராசரி வேகத்தை விட்டுவிட்டு கஸ்ட் என்ற வரியைப் பாருங்கள். ட்ரோனைத் தள்ளுவது திடீர் வீச்சுதான்.

அலகையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நாட் என்று போட்டிருப்பதை கி.மீ. என்று படித்தால் கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தப்பிவிடும். 20 நாட் என்பது மணிக்கு 37 கி.மீ.

விண்டியில் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் என்ற கணினிக் கணிப்புகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம், ஒத்துப்போகாவிட்டால் மோசமானதை எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஐரோப்பிய மாடலின் கட்டம் ஒன்று சுமார் 9 கி.மீ. அகலம், அமெரிக்க மாடலுடையது அதைவிடப் பெரியது. நம் கரையில் ஒரே கட்டத்துக்குள் பாதி கடலும் பாதி நிலமும் விழுந்துவிடும். ஆகவே கடல்காற்று "12 மணிக்கு" என்று காட்டினால் பதினொன்றாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது மாடலின் குற்றமில்லை, அதனால் பார்க்க முடிவது அவ்வளவுதான்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது திசை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ வீராம்பட்டினத்திலோ நின்று மெஷினைக் கடலுக்கு மேல் அனுப்புகிறீர்கள். காற்று மேற்கிலிருந்து, வினாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கி.மீ. உங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பேட்டரியே குறையாதது போலத் தெரியும். திரும்பும்போது சாதாரண வேகமான வினாடிக்கு 10 மீட்டரில் 7 மீட்டர் எதிர்காற்றுக்கே போய்விடும், மிச்சம் 3. ஒரு கி.மீ. திரும்ப ஐந்தரை நிமிடம். ஸ்போர்ட் மோடு போட்டால் வேகம் கிடைக்கும், பேட்டரி கரையும். அதே 25 கி.மீ. காற்று கிழக்கிலிருந்து வீசினால் ஆபத்து அதில் பாதிகூட இல்லை, கட்டுப்பாடு போனாலும் மெஷின் கரைப்பக்கம்தான் வரும். கச்சான் அடிக்கும் நாளில் கடலுக்கு மேல் 300 மீட்டரைத் தாண்டாதீர்கள் என்பது என் கட்சி.

வெளிச்சக் கணக்கு

நம் ஊர் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் பகல் நீளம் பெரிதாக மாறாது. ஜூன் 21 வாக்கில் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பர் 21 வாக்கில் 11 மணி 25 நிமிடம். இந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லையே என்று அலட்சியமாக இருந்தால், உதயமும் அஸ்தமனமும் நகர்வதில் ஏமாந்துவிடுவோம். டிசம்பர் 21தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல், ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அன்று இல்லை. நவம்பர் மூன்றாவது வாரத்தில் 5.42 வாக்கிலேயே மறைந்துவிடும், டிசம்பர் 21-இல் 5.52 ஆகிவிடும். அதேபோல மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசியில், 6.36 வாக்கில். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 5.45-க்கே வந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் அஸ்தமனம் 6.39 வரை போகும்.

கல்யாண ஷூட் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தை மாதம் முழுவதுமே உதயம் 6.33-க்கும் 6.36-க்கும் இடையில்தான். முகூர்த்தம் ஆறு டு ஏழரை என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள். மாப்பிள்ளை அழைப்பை மேலே இருந்து எடுக்கவேண்டும், ஆறு மணிக்கே வந்துவிடுங்கள் என்பார் பெண்ணின் மாமா. ஆறு மணிக்கு இருட்டாக இருக்கும். விடியல் வெளிச்சம் கண்ணுக்குப் போதுமான அளவு வருவது 6.14 வாக்கில், கேமராவுக்குச் சுமாரான படம் வருவது இன்னும் பத்து நிமிடம் கழித்து. இதைத் தேதி பேசும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள், மண்டப வாசலில் நின்று சொன்னால் கோபம்தான் மிஞ்சும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு அந்திப் பொழுது ரொம்பக் குறைவு. சூரியன் மறைந்து 21 முதல் 23 நிமிடத்தில் அந்தி வெளிச்சத்தின் முதல் கட்டம் முடிந்துவிடும். ஆனால் ட்ரோனுக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது. அடிப்பக்கத்தில் இருக்கும் சென்சார் தரையைப் பார்த்து நிலைநிற்கப் பல மாடல்களில் 15 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமாவது தேவை. அந்த முதல் கட்டம் முடியும்போது தெளிந்த வானத்திலேயே 3 லக்ஸ் அளவுதான் மிஞ்சும். ஆக, அஸ்தமனத்துக்குப் பிறகு கால் மணி நேரத்தில் அது கண்ணை இழக்க ஆரம்பிக்கும், மேகம் மூடியிருந்தால் அதற்கும் முன்பே. கடல் தண்ணீருக்கு மேல் அலையும் சேர்ந்து அதைக் குழப்பும்.

ஆகவே கடைசி டேக் ஆஃப் நேரத்தை இப்படி வையுங்கள்: அஸ்தமன நேரத்திலிருந்து ஒரு பேட்டரி நேரம் 20 நிமிடம், கையிருப்பாக 10 நிமிடம் கழியுங்கள். நவம்பர் 20 என்றால் 5.12. அதற்குப் பிறகு எடுப்பதில்லை. நமக்குச் சூரியன் மறைவது நிலத்தின் பக்கம் என்பதையும் மறக்கவேண்டாம். ஆப் சொல்லும் நேரம் தடையில்லாத அடிவானத்துக்கானது. தோப்பும் கட்டடமும் மேற்கே இருந்தால் கரையில் வெயில் அதற்கு முன்பே போய்விடும், கடலுக்கு மேல் இருக்கும் மெஷின் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் சீக்கிரம்தான், ஏனென்றால் அதன் பின்னால் இருப்பது வெளிறிப்போன கிழக்கு வானம்.

நடுப்பகல் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வரும், நிழலே விழாது. நிலம் அளப்பவர்களுக்கு நிழல் தொல்லை இல்லை என்று தோன்றும், ஆனால் நேர் கீழே பார்க்கும் கேமராவில் தண்ணீர்ப் பரப்பு முழுக்கக் கண்ணாடிபோலப் பளபளத்துப் படம் வீணாகும். உச்சி வேளையும் 12 மணிக்கு வராது. பிப்ரவரி நடுவில் 12.25, நவம்பர் தொடக்கத்தில் 11.54. சூடும் ஒரு கணக்கு. பல மெஷின்களுக்கு 40 டிகிரிதான் உச்ச வரம்பு, அக்னி நட்சத்திரத்தில் மணல்மேல் வைத்த மெஷின் பறக்கும் முன்பே அதைத் தாண்டியிருக்கும். பேட்டரியைக் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

மூன்று மணி நேரம் முன்பு: ரேடார்

இங்கேதான் உண்மையான கணிப்பு ஆரம்பிக்கிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்ட வாரியாக நௌகாஸ்ட் என்ற குறுநேர எச்சரிக்கை தருகிறது, மௌசம் ஆப்பிலும் கிடைக்கும். அதில் பச்சை இருந்தால் தைரியமாகப் புறப்படலாம், மஞ்சள் என்றால் ரேடாரைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு, சிவப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள். தினசரி அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பதற்கு, அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மிகாமல் மழை பதிவாகும் என்று பொருள். அந்த ஓரிரு இடத்தில் உங்கள் இடம் உண்டா என்று அறிக்கை சொல்லாது, ரேடார்தான் சொல்லும்.

நமக்கு ரேடார் இரண்டு. வடக்கே சென்னை, தெற்கே காரைக்கால். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் நேர்க்கோட்டில் சுமார் 110 கி.மீ., சென்னை சுமார் 135. கடலூருக்குக் காரைக்கால் இன்னும் பக்கம், 90-தான். ஆகவே காரைக்காலை முதலில் திறங்கள், அது வேலை செய்யாத நாளில் சென்னை. இரண்டுக்கும் நாம் தொலைவில் இருப்பதால் ஒரு குறை உண்டு. பூமி வளைவதாலும் கற்றை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதாலும் புதுச்சேரிக்கு வரும்போது காரைக்கால் ரேடாரின் கீழ்க்கற்றையே ஒன்றரை கி.மீ. உயரத்துக்கு மேல் போய்விடும். அதற்குக் கீழே இருக்கும் தணிந்த மேகத்தின் தூறலை அது பார்க்காது. மழைக்காலத்தில் "ரேடாரில் ஒன்றுமே இல்லையே, ஆனா நனையுறேனே" என்று நிற்பதற்குக் காரணம் இதுதான். கோடை இடிமேகம் பல கி.மீ. உயரம் எழும்புவதால் தப்பாது.

படிப்பது எப்படி? இப்போதைய படத்தையும் அரை மணிக்கு முந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேகக்கூட்டத்தின் முன்விளிம்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ஆகஸ்ட் மாதம் மாலை நாலு மணி, திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கூட்டம், அரை மணியில் கிழக்கே 15 கி.மீ. நகர்ந்திருக்கிறது. மணிக்கு 30. திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரி நேர்க்கோட்டில் சுமார் 90 கி.மீ., ஆக மூன்று மணி நேரம். ஐந்து மணி ஷூட்டுக்குத் தாராளம் என்று தோன்றும். இரண்டு விஷயத்தைக் கழியுங்கள். மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று 10, 20 கி.மீ. முன்னதாகவே வந்துவிடும், அதுதான் முக்கால் மணி வரை தின்றுவிடும். அதோடு, நடுவில் விழுப்புரம் பக்கம் கடல்காற்றும் கச்சானும் மோதும் கோட்டில் புதிதாக ஒன்று முளைக்கலாம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 37 கி.மீ.தான், கடலூருக்குப் பண்ருட்டி 24 கி.மீ.தான். அதனால் கூட்டம் விழுப்புரம், பண்ருட்டியை எட்டிவிட்டால் மெஷின் தரையில் இருக்கவேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் ரேடாரைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், பறக்கவிடுபவர் பார்க்கவேண்டாம்.

மின்னலுக்கு தாமினி ஆப். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது, உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் விழுந்தால் காட்டும். 40 வட்டத்துக்குள் வந்துவிட்டால் மடக்கத் தொடங்குங்கள். ஆப் இல்லாவிட்டால் பளிச்சென்று தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கி.மீ. முப்பது வினாடிக்குள் கேட்டால் மின்னல் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் மெஷினைத் தொடவேண்டாம், திறந்த கடற்கரையில் நீங்களும் நிற்கவேண்டாம்.

மழைக்காலத்தில் இதே வேலையைக் கடல் பக்கம் செய்யவேண்டும். காற்று வடகிழக்கு என்றால் மரக்காணத்துக்குக் கிழக்கே கடலில் என்ன நிற்கிறது என்று பாருங்கள், அதுதான் உங்களிடம் வரப்போவது. சிறு சிறு புள்ளியாக வந்தால் பத்து நிமிட மழை, நடுவே இருபது நிமிட இடைவெளி. நீளக் கோடாக வந்தால் அன்று விட்டுவிடுங்கள். தாழ்வு மண்டலம், புயல் என்றால் இந்த நகர்வுக் கணக்கே செல்லாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், போகும் போகும் என்று எல்லோரும் காத்திருக்க, மணிக்கணக்கில் அங்கேயே நின்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், அது ஒன்றாம் எண்ணாக இருந்தாலும், கூண்டு இறங்கும்வரை ட்ரோன் பை திறக்காது. புயல் முடிந்த மறுநாளும் வெள்ளத்தை எடுக்க ஓடாதீர்கள், மீட்பு ஹெலிகாப்டர் அதே உயரத்தில்தான் வரும்.

மூடுபனிக்கு எளிய சோதனை: வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டு டிகிரிக்குள் வித்தியாசம், காற்று இல்லை, இரவு வானம் தெளிவு. மூன்றும் சேர்ந்தால் காலை ஏழரை வரை எதிர்பார்க்காதீர்கள்.

ஜி.பி.எஸ். கெடுமா என்று, பூமியின் காந்தப்புலக் கலக்கத்தைக் காட்டும் கே.பி. குறியீட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது துருவப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் பெரிய கவலை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைக்குப் பக்கத்தில் போகிறது. நமக்கு வரும் தொல்லை வேறு வகை. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பொழுது சாய்ந்தபின் அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழும்பி சிக்னலை நடுங்கவைக்கும். சூரிய அஸ்தமனத்தோடு மடக்கிவிட்டால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இடத்தில் இறங்கியதும்

போனை உள்ளே வையுங்கள். பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.

கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் கட்டியிருக்கும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது? கடலில் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ., அடிக்கடி தெரிந்தால் 20 முதல் 28. கரையில் மணலும் காகிதமும் கிளம்பினாலும் அதே 20-க்கு மேல். சின்ன மரமே ஆடினால் 29-ஐத் தாண்டிவிட்டது, மினிக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பலாம். இவை 10 மீட்டர் உயரக் கணக்கு, மேலே 1.4 மடங்கு என்பதை மறக்காதீர்கள். கையடக்கக் காற்றுமானி வைத்திருந்தால் கையை உயர்த்தி இரண்டு நிமிடம் பிடித்து, சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வானத்தில் பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டுக்கொண்டே உயர்கிறதா? அந்த இடத்தில் வெப்பக்காற்று மேலே ஏறுகிறது. முற்பகலில் கேப்பர் மலைப் பக்கம் நன்றாகப் பார்க்கலாம். அங்கே மெஷின் குலுங்கும், பருந்தும் துரத்தும். இரண்டுக்கும் ஒரே தீர்வு, வேறு இடம்.

வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

"அண்ணே, இன்னிக்குக் காத்து எப்படி?"

"கச்சான் தம்பி. மத்தியானம் வரைக்கும் இப்படித்தான். அதுக்கப்புறம் திரும்பிடும், பாத்துக்க."

ஆப்பில் பார்த்ததும் இதுவும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் நான் அண்ணன் பக்கம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் "மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில், இடையிடையே 65 கி.மீ." என்ற வரி தமிழகக் கரையோரத்துக்கு வந்திருந்தால் அவர்களே கடலுக்குப் போயிருக்க மாட்டார்கள். படகெல்லாம் மேட்டில் ஏறியிருந்தால் கேட்கவே தேவையில்லை.

மேலே போனபின்

முதல் ஒரு நிமிடம் 30 மீட்டரில் நிறுத்தி மெஷின் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். பிறகு 60, பிறகு 100. ஒவ்வொரு உயரத்திலும் சாய்வு கூடினால் மேலே காற்று பலம். கண்ணுக்குத் தெரியும் அளவு மூக்கைக் காற்றுக்குக் கவிழ்த்துக்கொண்டு நின்றால் அந்த உயரம் வேண்டாம். முதல் பயணம் எப்போதும் காற்றுக்கு எதிராக இருக்கட்டும், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். கடலுக்கு மேல், கச்சானில், பேட்டரி 50 சதவீதம் வந்ததும் திரும்புங்கள். கிழக்குக் காற்று என்றால் 35 வரை போகலாம்.

பறந்துகொண்டிருக்கும்போதே காற்று சட்டென்று நின்றுபோய், அல்லது திசை மாறி, மேற்கிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தது போல ஒரு குளிர்ச்சி முகத்தில் பட்டால், மண்வாசனையும் சேர்ந்து வந்தால், உங்களிடம் இருப்பது சில நிமிடங்கள். மழைக்கூட்டத்திலிருந்து கொட்டிய குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு அது. பின்னாலேயே மணிக்கு 40, 60 கி.மீ. வீச்சு வரும். இப்போது தானியங்கி ரிட்டர்ன் பொத்தானை அழுத்தினால், மெஷின் முதலில் நீங்கள் வைத்திருக்கும் ரிட்டர்ன் உயரத்துக்கு ஏறும், காற்று அங்கேதான் அதிகம். அதனால் நடுவே மரமோ கம்பியோ இல்லை என்று தெரிந்தால் கையாலேயே உயரத்தைக் குறைத்து, 15, 20 மீட்டரில், ஸ்போர்ட் மோடில் கொண்டுவாருங்கள். உங்களிடம்தான் வந்து இறங்கவேண்டும் என்றில்லை. கரையில் ஆள் இல்லாத மணல் எங்கே கிடைக்கிறதோ அங்கே இறக்கிவிட்டு ஓடிப்போய் எடுங்கள். ரிட்டர்ன் உயரத்தையும் கடற்கரையில் 100 மீட்டர் என்று வைக்கவேண்டியதில்லை, சுற்றியுள்ள மிக உயரமான தென்னைக்கோ டவருக்கோ மேலே 15 மீட்டர் போதும்.

தூறல் விழுந்தால் இறக்குங்கள், பேரம் கிடையாது. நாம் வாங்கும் சாதாரண ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பே கிடையாது, அதிலும் கரையோர ஈரத்தில் உப்பு இருக்கிறது. எத்தனை உலர்த்தினாலும் மோட்டாரில் உப்பு தங்கும். பறந்து முடித்ததும் லேசாக நனைத்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை.

கணித்ததை எழுதி வையுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் உங்களைத் தேற்றும். ஒரு சின்ன நோட்டு. இடம், தேதி, ஆப் சொன்ன கஸ்ட், காற்றுமானி காட்டியது, கடல்காற்று திரும்பிய நேரம், மேகம் எங்கே முளைத்தது, எத்தனை மணிக்கு வந்தது. இப்படி: "தேவனாம்பட்டினம், ஜூலை. ஆப் 22, கையில் 27. கடல்காற்று 1 மணி என்றது, 2.40-க்கு வந்தது. விழுப்புரத்தில் 5 மணிக்கு மேகம், காற்று 5.50, மழை 6.15." இந்த மாதிரி வரிகள் ஒரு சீசனுக்குச் சேர்ந்தால் உங்கள் இடத்தில் ஆப் எந்தப் பக்கம், எவ்வளவு தப்புகிறது என்று தெரிந்துவிடும். ஜூலையில் கடல்காற்றை எப்போதும் முன்கூட்டியே சொல்கிறது என்றால் அடுத்த ஜூலையில் அந்த ஒன்றரை மணி நேரத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். சுண்ணாம்பாற்றுப் பக்கம் எடுத்த கணக்கைப் பிச்சாவரத்துக்குப் போடவேண்டாம், அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.